நட்சத்திரம் பிடிக்கும் காமிராவுக்கு ஒரு குளிர்ப்பெட்டி

இருட்டைப் படம் பிடித்துப் பார்த்தவர்கள் நம்மில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். சித்திரை மாதத்து இரவொன்றில், மொட்டைமாடியில் காற்று அசைவற்று நின்றுவிட்ட வேளையில், டிஜிட்டல் காமிரா ஒன்றின் லென்ஸுக்கு மூடியைப் போட்டு, அதன்மேல் கறுப்புத் துணி ஒன்றையும் சுற்றி, ஐந்து நிமிஷம் ஷட்டரைத் திறந்து வைத்திருந்து, பிறகு அந்தப் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், ஒளி என்பது அணுவளவும் நுழையாத அந்தப் படம் கன்னங்கரேலென்று இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயந்தான். ஆனால் திரையில் நாம் காண்பதோ, சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஆயிரக்கணக்கான புள்ளிகள், வாணலியிலிருந்து தெறித்த கடுகைப்போல் எங்கும் சிதறிக் கிடக்கும் காட்சி; போதாக்குறைக்கு ஒரு மூலையில், காரணம் விளங்காத மங்கிய ஊதா வெளிச்சம் வேறு. நான் முதன்முதலில் அதைக் கண்டபோது காமிரா பழுதாகிவிட்டதென்றே தீர்மானித்து, விற்றவரிடம் சண்டைக்குப் புறப்பட்டேன். செருப்பை மாட்டிக்கொள்வதற்குள் நண்பர் ஒருவர் வந்து தடுத்தாட்கொண்டார். அந்தப் புள்ளிகள் அத்தனையும் உஷ்ணம் போட்டவை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

காமிராவுக்குள், முற்காலத்தில் பிலிம் இருந்த இடத்தில், இப்போது சிலிக்கானால் ஆன ஒரு சிறு தகடு இருக்கிறது. சென்ஸார் என்று அதைச் சொல்லுகிறார்கள். சாதாரணமாக நம்மவர் வைத்திருக்கும் பெரிய காமிராக்களில் அது ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் நீளமும் 15 மில்லிமீட்டர் அகலமுமாக, ஒரு பெரிய தபால்தலையளவு இருக்கும். அதற்குள்ளே ஒரு கோடிக்கும் மேற்பட்ட நுண்ணிய கட்டங்கள். ஒளித்துகள் ஒன்று கட்டத்தில் விழுந்தால் ஓர் எலெக்ட்ரான் விடுபட்டு அங்கே தங்கிவிடுகிறது. படம் எடுத்து முடிந்ததும் எந்தக் கட்டத்தில் எத்தனை எலெக்ட்ரான் சேர்ந்தது என்று எண்ணினால் அதுவே படம். இதில் உள்ள சங்கடம் என்னவென்றால், எலெக்ட்ரானை விடுவிக்க ஒளிதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிலிக்கானின் சொந்த உஷ்ணமே, அணுக்களின் ஓயாத அதிர்வினால், அவ்வப்போது ஓர் எலெக்ட்ரானைத் தள்ளிவிடுகிறது. வந்த எலெக்ட்ரான் ஒளியால் வந்ததா உஷ்ணத்தால் வந்ததா என்று விசாரிக்கும் ஞானம் அந்தக் கட்டத்துக்கு இல்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் படம் எடுக்கும்போது ஷட்டர் திறந்திருப்பது ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு. அதற்குள் உஷ்ணம் செய்யக்கூடிய விஷமம் ஒன்றுமில்லை. ஆனால் சுமார் 1350 ஒளியாண்டு தூரத்தில் உள்ள ஓரியன் நெபுலாவின் மெல்லிய ஓரங்களையோ, 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஆண்டிரோமீடா மண்டலத்தின் சுருள் கரங்களையோ பிடிக்க விரும்புகிறவன், ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று திறந்து வைத்துக் காத்திருக்கிறான். அந்த அவகாசம் முழுவதும் உஷ்ணமும் தன் பங்கை எழுதிக்கொண்டே இருக்கிறது.

எவ்வளவு எழுதுகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சிலிக்கானின் உஷ்ணநிலை ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் உயரும்போதெல்லாம் இந்தத் திருட்டு எலெக்ட்ரான்களின் தொகை இரண்டு மடங்காகிறது. அதே கணக்கில் 6 டிகிரி தணித்தால் பாதியாகிறது. ஆகவே 24 டிகிரி தணிக்க முடிந்தால் பாதியில் பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

இங்கே புத்தி கூர்மையுள்ள வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். மூடி போட்டு எடுத்த இருட்டுப் படத்தை, வானத்தைப் பார்த்து எடுத்த படத்திலிருந்து கழித்துவிட்டால் போகிறது, எதற்கு இந்தக் குளிர் வைத்தியம்? கழிக்கத்தான் செய்கிறார்கள், எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் கழித்தால் போவது சராசரி மட்டுமே. முற்றத்தில் ஒரே அளவுள்ள நூறு டம்ளர்களை வரிசையாக வைத்தால், ஒரே மழை பெய்தாலும் ஒன்றில் விழும் துளிகளின் எண்ணிக்கையும் மற்றொன்றில் விழுவதும் அச்சாக ஒன்றாயிருப்பதில்லை அல்லவா? அதுபோல, சராசரியாக 400 எலெக்ட்ரான் சேரவேண்டிய கட்டத்தில் ஒரு தடவை 385 சேரும், மறு தடவை 420 சேரும். இந்தத் தடுமாற்றம் மொத்தத் தொகையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும் என்பது விதி. 400 என்றால் தடுமாற்றம் 20. எந்தக் கழித்தலாலும் இந்த இருபதைப் போக்க முடியாது. நெபுலாவின் ஒளியோ சில இடங்களில் பத்து எலெக்ட்ரான்தான் தருகிறது. இருபதின் இரைச்சலில் பத்தின் குரல் எப்படிக் கேட்கும்? நானூறு என்ற தொகையையே பதினாறில் ஒரு பங்காக்கி 25 ஆக்கினால் தடுமாற்றம் 5 ஆகிவிடுகிறது. அப்போது பத்தின் குரல் எழும்புகிறது.

குளிர்வித்துப் படம் பிடிக்கும் யோசனை சென்ஸாருக்கு முந்தியது என்பது ஒரு சுவையான விஷயம். 1880ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி, அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் என்ற டாக்டர் 51 நிமிஷம் காத்திருந்து ஓரியன் நெபுலாவைக் கண்ணாடித் தகட்டில் பதிவு செய்ததுதான், நெபுலா ஒன்றின் முதல் புகைப்படம். அந்தத் தகடுகளுக்கும் பிற்காலப் பிலிமுக்கும் இருந்த வியாதி வேறு விதமானது: மங்கிய ஒளியில் நேரம் ஏற ஏற அவற்றின் உணர்ச்சி மழுங்கிக்கொண்டே போகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கார்ல் ஷ்வார்ஷில்ட் என்ற ஜெர்மானிய வானியலர் இதை அளந்து எழுதினார். பிலிமைக் கடுங்குளிரில் வைத்தால் இந்த மழுக்கம் குறைகிறது என்று கண்டு, 1960களின் தொடக்கத்தில் ஆர்தர் ஹோக் போன்றவர்கள் பரிசோதனைகள் நடத்தினார்கள். அவர்களைப் பின்பற்றி, தொழிலாக அல்லாமல் ஆசைக்காக வானத்தைப் பார்ப்பவர்களும், பிலிமின் முதுகுப்புறத்தில் 78 டிகிரி உறைநிலைக்குக் கீழே இருக்கும் உலர்பனிக்கட்டியை அடைத்துப் படம் பிடித்தார்கள். பிலிமின் மேல் உறைபனி படர்ந்துவிடாமல் இருக்க, ஒரு தடித்த அக்ரிலிக் கட்டியை அதன் முகத்தில் ஒட்டவைத்தோ, காமிராவிலிருந்து காற்றையே உறிஞ்சி வெளியேற்றியோ சமாளித்தார்கள். குளிருக்கும் ஈரத்துக்கும் நடக்கும் அந்தச் சண்டைதான், காமிராவைக் குளிர்விக்க நான் செய்துவைத்திருக்கும் பெட்டியிலும் இன்றைக்கு நடக்கிறது.

1969இல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சி.சி.டி. என்ற சிலிக்கான் சென்ஸாரை உண்டாக்கினார்கள். நாற்பது ஆண்டு கழித்து, 2009இல், அதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். வானியல் நிலையங்கள் அதைத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்தன. 196 டிகிரி உறைநிலைக்குக் கீழே கொதிக்கும் அந்தத் திரவத்தை, நம் ஜவ்வாது மலையில், சுமார் 725 மீட்டர் உயரத்தில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்திலும், அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியின் காமிராக்களுக்கு ஊற்றிவந்திருக்கிறார்கள். வீட்டுக்காரர்களுக்கு வழி காட்டியது 1994இல் ரிச்சர்ட் பெர்ரியும் வேறிருவரும் எழுதிய ஓர் ஆங்கிலப் புத்தகம். சமையல் குறிப்பைப் போலப் படிப்படியாகச் சொல்லி, சி.சி.டி. காமிராவை வீட்டிலேயே செய்ய அது கற்றுக்கொடுத்தது. அதில் குளிருக்குப் பயன்பட்ட சாதனமே இன்றும் பயன்படுகிறது. அதன் கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

ழான் பெல்டியர் என்பவர் கடிகாரம் செய்யும் பிரெஞ்சுக்காரர். முப்பது வயதுவாக்கில் தொழிலை விட்டுவிட்டு விஞ்ஞானத்தில் இறங்கியவர். இரண்டு வேறு உலோகங்களை இணைத்து மின்சாரம் செலுத்தினால் ஓர் இணைப்பு சூடாவதையும் மற்றோர் இணைப்பு குளிர்வதையும் 1834இல் அவர் கண்டறிந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் ரஷ்யாவில் லென்ஸ் என்ற விஞ்ஞானி, பிஸ்மத்தும் ஆன்டிமனியும் சேரும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்து, மின்சாரத்தை ஒரு திசையில் செலுத்தி அதை உறையவைத்தார்; திசையை மாற்றி உருகவைத்தார். இத்தனை அழகான வித்தை அதன்பிறகு நூறு ஆண்டுக்கு மேல் ஒன்றுக்கும் உதவாமல் கிடந்தது; பிஸ்மத் டெல்லுரைடு என்ற குறைகடத்தி 1950களில் வந்த பிறகே உயிர் பெற்றது. இப்போது சென்னை ரிச்சித் தெருவில், 4 சென்டிமீட்டர் சதுரமும் பிஸ்கட்டைவிட மெல்லிய கனமும் உள்ள வெள்ளைப் பீங்கான் தகடாக, 200 ரூபாய் அளவில் அது கிடைக்கிறது. இரண்டு பீங்கான் ஓடுகளுக்கு நடுவே 127 ஜோடிக் குறைகடத்திக் கட்டிகளை நெருக்கமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 12 வோல்ட் கொடுத்தால் ஒரு பக்கம் பனிக்கட்டிபோல் ஆகிறது. மறுபக்கம் கையைச் சுடுகிறது.

இந்த மறுபக்கத்தைப் பற்றி யோசிக்காமல் பெட்டி செய்யப் புறப்படுகிறவர்கள்தாம் தோற்றுப்போகிறார்கள். நானும் முதல் பெட்டியில் அப்படியே தோற்றேன். குளிர் என்று ஒரு பொருள் தகட்டிலிருந்து உற்பத்தியாவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் உஷ்ணத்தை அள்ளி வெளியே கொட்டும் ஏற்றம்தான் அது. ஏற்றம் இறைப்பவனுக்குக் கூலி கொடுக்கவேண்டும் என்பதுபோல, அது தின்னும் மின்சாரமும் உஷ்ணமாகி அதே வெளிப்பக்கத்தில் வந்து சேருகிறது. என் தகடு 12 வோல்ட்டில் சுமார் 4.5 ஆம்பியர் இழுக்கிறது, அதாவது 54 வாட். பெட்டியிலிருந்து அது அள்ளவேண்டியதோ 10 வாட் சொச்சந்தான். இரண்டும் சேர்ந்த 65 வாட்டை அந்த 4 சென்டிமீட்டர் சதுரத்திலிருந்து காற்றில் கரைக்கவேண்டும். கரைக்க முடியாமல் வெளிப்பக்கம் பத்து டிகிரி சூடேறினால், உட்பக்கமும் ஏறக்குறைய அத்தனை டிகிரி கூடவே ஏறும். இதைவிட விசித்திரம், வோல்ட்டைக் கூட்டினால் குளிர் கூடும் என்று நினைத்துக் கூட்டுகிறவனுக்கு ஓர் எல்லைக்குமேல் குளிர் குறையவே செய்கிறது; ஏனெனில் தகடு உஷ்ணத்தை அள்ளும் வேகம் மின்னோட்டத்துக்கு ஏற்ப ஏறுகிறது, தகட்டுக்குள் மின்சாரம் உண்டாக்கும் உஷ்ணமோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. வசதியுள்ளவர்கள் இரண்டு தகடுகளைப் பொருத்தி, இரண்டையும் குறைந்த வோல்ட்டில் மெதுவாக ஓட்டுவது உத்தமம், மின்சாரம் மிச்சமாகும்.

இரண்டாவது பெட்டியின் வரலாறு இது. உள்பெட்டி ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. உள்ளளவு 20, 16, 14 சென்டிமீட்டர். அதைச் சுற்றி 25 மில்லிமீட்டர் கனத் தெர்மாகோல். வெளியே 28 டிகிரியும் உள்ளே 6 டிகிரியுமாக இருக்கும்போது இந்தத் தெர்மாகோல் சுவர்கள் வழியே உள்ளே கசியும் உஷ்ணம் வெறும் 5 வாட் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, ஊரில் உள்ள தகர வேலைக்காரர் ஒருவரிடம் அளவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அறுபது வயதைத் தாண்டியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“மீன் பெட்டிங்களா சார்?”

“இல்லை அண்ணே, காமிரா வைக்கிற பெட்டி. உள்ளே ஜில்லென்று இருக்கணும்.”

“சரி. முன்னாடி இவ்வளவு பெரிய ஓட்டை எதுக்கு?”

“அது வழியாகத்தான் தொலைநோக்கியில் மாட்டணும்.”

“எதில மாட்டுவீங்க? இரும்பா, அலுமினியமா?”

“அலுமினிய வளையம்.”

“அப்போ மத்த அஞ்சு பக்கமும் மூடி என்ன சார் பிரயோஜனம்? ஜில்லு அத்தனையும் அந்த வளையத்து வழியா ஓடிடாதா?”

உஷ்ணத்தின் ஓட்டத்தைப் பற்றி நான் படித்த புத்தகங்களில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. தெர்மாகோலைவிட அலுமினியம் சுமார் 6000 மடங்கு சுலபமாக உஷ்ணத்தைக் கடத்துகிறது. அந்த ஒரு வளையம் ஐந்து சுவர்களின் உழைப்பையும் வீணாக்கப் போதுமானது. அவர் யோசனைப்படி, காமிராவின் வளையத்துக்கும் தொலைநோக்கியின் குழலுக்கும் நடுவே, உஷ்ணத்தை எளிதில் கடத்தாத ஹைலம் பலகையில் கடைந்த ஒரு வில்லையை வைத்தேன். முன்பக்கத்துச் சுவரில் மட்டும் தெர்மாகோலை 5 மில்லிமீட்டராக இழைக்கவேண்டியிருந்தது. ஏனெனில் காமிரா தொலைநோக்கியை விட்டு அதிகம் விலகினால் பிம்பம் சென்ஸாரில் விழாமல் முன்னாலேயே குவிந்துவிடும், பிறகு எவ்வளவு குளிர்ந்தாலும் பிரயோஜனமில்லை.

தகட்டைப் பொருத்துவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தகடு 4 மில்லிமீட்டர், சுவரோ 25. ஆகவே தகட்டின் குளிர்ந்த முகத்துக்கும் உள்பெட்டிக்கும் நடுவே ஓர் அலுமினியக் கட்டியை வைத்து, சுவரின் கனத்தை நிரவவேண்டும். கட்டிக்கு உட்புறம், காற்றோடு உஷ்ணத்தைப் பரிமாறும் ஒரு சிறிய ஹீட் சிங்க், அதன்மேல் ஒரு குட்டி விசிறி. பெட்டிக்குள் காற்று சுழன்றால்தான் காமிராவின் முதுகு குளிரும். வெளிப்புறம் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பெரிய ஹீட் சிங்கும் விசிறியும். 65 வாட் வெளியேற்றுவதற்கென்றே செய்யப்பட்ட சாமான் அது, நம் கணக்குக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்துகிறது. இவை இரண்டையும் இறுக்கும் திருகாணிகள் இரும்பாக இருந்தால் அவற்றின் வழியே வெளிச்சூடு உள்ளே திரும்பிவரும். நைலான் திருகாணிகள் போட்டேன். எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாகத்தான் இறுக்கவேண்டும். அவசரப்பட்டால் பீங்கான் ‘டிக்’ என்று விரியும், அந்தச் சத்தத்தை இரண்டு தடவை கேட்டிருக்கிறேன்.

காமிராவின் சொந்த பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துபோகும். அதற்குப் பதில் அதே வடிவத்தில் உள்ள டம்மி பேட்டரியைச் சொருகி, ஒயரை வெளியே இழுத்துக்கொள்ளவேண்டும். யு.எஸ்.பி. ஒயரும் வெளியே வரும். பெட்டியை மூடிய பிறகு காமிராவின் பொத்தான் எதையும் தொட முடியாதாகையால், எல்லாம் லேப்டாப் மூலமாகத்தான். ஒயர்கள் வெளிவரும் துளைகளைச் சிலிக்கோன் பசையால் அடைத்தேன். ஏன் இந்தத் துளைகளுக்கு இத்தனை மரியாதை என்றால், இனிமேல் வரப்போவது தண்ணீர் விஷயம்.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் வியர்ப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். வேலூர்ப் பக்கத்து இரவில் காற்று 28 டிகிரியும் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஆகவும் இருந்தால், பனிநிலை ஏறக்குறைய 23 டிகிரி. அதாவது 23 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் அந்தக் காற்று தண்ணீரைக் கொட்டிவிடும். காமிராவை நாம் 6 டிகிரிக் காற்றில் வைக்கிறோம். மின்சுற்றுகளும் சென்ஸாரும் நனைந்தால் காமிராவின் ஆயுள் அன்றோடு முடிந்தது. ஆரம்பத்தில் இந்தப் பயத்தினாலேயே எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு காகிதமும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தேன். பெட்டியின் உள்ளே இருப்பது நாலரை லிட்டர் காற்று. அந்த 28 டிகிரி ஈரக்காற்றில் ஒரு கனமீட்டருக்கு இருக்கும் நீராவி சுமார் 20 கிராம். நாலரை லிட்டரில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, சொட்டாகச் சொன்னால் இரண்டே சொட்டு. ஒரு கைப்பிடி சிலிக்கா ஜெல் இதைப்போல் பல மடங்கைக் குடித்துவிடும். ஆகவே உள்ளே இருக்கும் ஈரம் நமக்குப் பகையில்லை. உஷ்ணம் தணிந்து சுருங்கும் பெட்டிக்காற்றுக்குப் பதிலாக, ஊசித்துளை வழியே இரவெல்லாம் நுழைந்துகொண்டே இருக்கும் வெளிக்காற்றுதான் பகை. அது கொண்டுவரும் தண்ணீருக்குக் கணக்கே கிடையாது. குளிர்விப்பதற்கு நான் செலவிட்ட பிரயாசை ஒரு பங்கு என்றால், துளை அடைப்பதற்குச் செலவிட்டது மூன்று பங்கு.

சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் 120 டிகிரி அளவில் சூடாக்கினால் மறுபடி உயிர் பெறும். நீல நிற மணிகளில் கோபால்ட் சேர்ந்திருப்பதால், சமையலுக்கு வைத்திருக்கும் வாணலியில் அதை வறுக்கவே கூடாது. இதை நான் சொல்வதற்குமுன் என் வீட்டில் சொல்லப்பட்டது.

ஈரம் தாக்கும் மற்றோர் இடம், பெட்டியின் வாசலை மறைக்கும் கண்ணாடி வில்லை. அதன் உட்புறம் உலர்ந்த குளிர்காற்று, வெளிப்புறம் நம் ஊர்க் காற்று. பத்து நிமிஷத்தில் வெளிப்புறம் மூடுபனி போட்டுக்கொள்ளும். வில்லையைச் சுற்றி நான்கு ரெசிஸ்டர்களைத் தொடுத்து 2 வாட் அளவுக்குச் சூடு கொடுத்தால் அது தெளிந்துவிடுகிறது. குளிர்விக்க 54 வாட்டும் அதன் பக்கத்திலேயே சூடேற்ற 2 வாட்டும் செலவழிக்கும் இந்தக் காரியம் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஒரு விபத்தையும் சொல்லிவிடவேண்டும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அப்பால், ஒரு சாமைக் காட்டின் ஓரத்தில் தொலைநோக்கியை நிறுத்தி, படம் ஒன்றுக்கு ஐந்து நிமிஷமாக வரிசையாக எடுத்துக்கொண்டிருந்த இரவில், வெளி விசிறியின் ஒயர் ஒன்று, நான் சோம்பலினால் சரியாகப் பற்றவைக்காத இடத்தில், பிடுங்கிக்கொண்டுவிட்டது. விசிறி நின்றதை நான் கவனிக்கவில்லை, தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பெல்டியர் தகட்டின் உள்ளே கட்டிகளைப் பற்றவைத்திருக்கும் பற்றாசு 138 டிகிரியில் உருகிவிடும். எரிந்த வாசனை வந்து ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் தகடு செத்துவிட்டது. அதைவிட மோசம், செத்த தகடு ஒரு கதவைப்போலத் திறந்துகொண்டு வெளியே சேர்ந்திருந்த சூட்டையெல்லாம் பெட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தது. 14 டிகிரியில் இருந்த காமிரா கால்மணி நேரத்தில் 40 டிகிரியைத் தொட்டது. காமிரா பிழைத்தது அதன் ஆயுசு கெட்டி என்பதனால்தான். இப்போது ஹீட் சிங்கில் 60 டிகிரி தாண்டினால் தானே மின்சாரத்தை அறுக்கும் ஒரு சிறு சுவிட்சு வைத்திருக்கிறேன். முதலிலேயே வைத்திருக்கவேண்டிய சாமான் அது.

பலன் என்ன? பெட்டி இல்லாமல் 28 டிகிரி இரவில் இடைவிடாது படம் எடுத்தால், தன் சொந்த உழைப்பின் சூடும் சேர்ந்து என் பழைய கேனன் 450டியின் உஷ்ணநிலை 38 டிகிரிக்குப் போய்விடும். காமிராவே அந்த எண்ணை ஒவ்வொரு படத்தோடும் பதிந்து வைக்கிறது. பெட்டிக்குள், முக்கால் மணி நேரம் முன்னதாகக் குளிர்வித்துத் தொடங்கினால், அது 14 டிகிரியில் நிற்கிறது. மேலே சொன்ன 24 டிகிரிக் கணக்கு கற்பனையில் போட்டதல்ல என்பது இப்போது வாசகருக்கு விளங்கியிருக்கும். இன்னும் துணிந்தவர்கள் காமிராவைப் பிரித்து, சென்ஸாரின் முதுகில் செம்புத் தகட்டை நேரே செருகி உறைநிலைக்குக் கீழேயும் கொண்டுபோகிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம், அந்தத் துணிச்சல் எனக்கில்லை. செலவு என்று பார்த்தால் பெட்டியின் கனம் காமிராவோடு இரண்டு கிலோவுக்கு வருகிறது, தொலைநோக்கியின் சமநிலையைப் புதிதாகச் சரிசெய்யவேண்டும். ஆறு மணி நேரத்துக்கு 27 ஆம்பியர்-மணி மின்சாரம் போகிறது, கார் பேட்டரியை இதற்குப் பயன்படுத்தினால் விடியற்காலையில் மலையிலிருந்து காரைத் தள்ளிக்கொண்டுதான் இறங்கவேண்டும்.

எல்லோரும் இந்தப் பெட்டியைச் செய்யவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நகரத்து மொட்டைமாடியிலிருந்து படம் எடுப்பவருக்கு இது வீண். தெருவிளக்குகளால் வெளுத்த வானம் கொட்டும் ஒளியின் தடுமாற்றமே உஷ்ணத்தின் தடுமாற்றத்தைப் பன்மடங்கு மூழ்கடித்துவிடும். அண்மையில் வந்த காமிராக்களின் சென்ஸார்களோ இயல்பாகவே இந்த வியாதி குறைந்தவை. கையில் பணம் உள்ளவர்களுக்கு, சுற்றுப்புறத்தைவிட 35 டிகிரி தாழ்வாகச் சென்ஸாரைப் பிடித்து நிறுத்தும் காமிராக்கள் கடையிலேயே இருக்கின்றன. பழைய காமிராவும் இருண்ட வானமும் உடையவர்களுக்கே இந்தப் பெட்டி.

தங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று அறிய விரும்புகிறவர்கள், தகட்டை வாங்குவதற்கு முன் இன்றிரவே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மூடி போட்ட காமிராவில் ஐந்து நிமிஷ இருட்டுப் படம் ஒன்று எடுங்கள். பிறகு காமிராவை, நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு இறுக மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு மணி நேரம் வைத்து, நேரம் குறித்துத் தானே படம் எடுக்கும் வசதியைக் கொண்டு அங்கேயே இன்னொன்று எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காமிராவை வெளியே எடுத்ததும் படத்தைப் பார்க்கும் ஆவலில் பையைத் திறந்துவிடாதீர்கள். அறையின் உஷ்ணத்துக்கு அது வந்துசேர இரண்டு மணி நேரமாவது ஆகும், அதுவரை பை மூடியே இருக்கட்டும்.